மூன்று மடக்குத் தண்ணீர்

இருமவில்லை. மூன்று மடக்கு உள்ளே போனது, நாலாவது வாயோரம் வழிந்து கழுத்து மடிப்பில் இறங்கிப் பனியனை நனைத்தது, அப்போதும் மாமா இருமவில்லை. செண்பகவல்லி செம்பைத் தரையில் வைத்துவிட்டு, ஏதோ திருடியவள் மாதிரி கையை முந்தானையில் துடைத்தாள். யார் பார்த்துவிடப் போகிறார்கள்? வீட்டில் அவளும் மாமனாரும் மட்டும்தான். புருஷன் குற்றாலிங்கம் காலை ஒன்பதரைக்கே தாலுகா ஆபீசுக்குப் போயாயிற்று, மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருக்கிறாள். அக்கினி நட்சத்திரம் பிறந்து மூன்றாம் நாள், பெருமாள்புரத்துத் தெருவில் ஒரு நாய்கூட நடமாடவில்லை. சுவரில் மணி ஒன்று பத்து. சாப்பாடு ஆனதும் அரைமணி நேரம் மாமாவைப் படுக்கவைக்கக் கூடாது, நாற்காலியில் தலையணை அண்டக்கொடுத்து நிமிர்த்தி உட்காரவைத்திருக்க வேண்டும். ஆகவே ஒன்று நாற்பது வரைக்கும் அவருக்கும் படுக்கை கிடையாது, அவளுக்கும் கிடையாது. மற்ற நாட்களில் இந்த அரைமணியில் எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பூண்டு உரிப்பாள், அல்லது உட்கார்ந்தபடியே ஒரு கோழித்தூக்கம் போடுவாள். இன்றைக்கு இரண்டும் ஆகாது. இன்றைக்கு அவள் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு அவருடைய தொண்டையைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அந்தத் தொண்டையிலிருந்து பதினோரு நாளாக ஒரு வார்த்தை வரவில்லை. மாமா அவளோடு பேசுவதில்லை.

மாசியில் மாமா கிடந்த ஆஸ்பத்திரியில் ரெஜினா என்று ஒரு பெண், நாகர்கோவில்காரி, விழுங்கப் பழக்கிக் கொடுப்பவள். விழுங்குவதற்கு ஒரு டீச்சரா என்று செண்பகவல்லிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறந்த குழந்தைக்குத் தெரிந்த வித்தை, அதற்கு ஒரு படிப்பு, படித்ததற்கு ஒரு வெள்ளைக் கோட்டு. ரெஜினா ஒரு தாளில் படம் போட்டுக் காட்டியதும் அந்தச் சிரிப்பு போய்விட்டது. தொண்டைக்குள் இரண்டு வழி, ஒன்று சோற்றுக்கு, ஒன்று மூச்சுக்கு. விழுங்கும்போது மூச்சு வழியை ஒரு மூடி வந்து அடைத்துக்கொள்ளும், பக்கவாதம் வந்தவர்களுக்கு அந்த மூடி நேரத்துக்கு வந்து சேராது. "சோறு மெதுவாப் போவும், அதுக்குள்ள மூடி வந்துரும். தண்ணி ஓட்டமா ஓடிரும்லா. அண்ணாந்து குடிச்சா இன்னும் ஓட்டம், நேரா நெஞ்சாங்கூட்டுக்குள்ள போயிரும். அதனால தாடைய நெஞ்சோட சேத்துக் குனியணும், டம்ளர்ல வாய வச்சு ஒவ்வொரு வாயாக் குடிக்கணும். தண்ணியில இந்தப் பவுடரக் கலக்கிக் கூழாக்கித்தான் குடுக்கணும், கேட்டியளா?" கேட்டாள். எழுதிக்கொள்ளவும் செய்தாள். சாப்பிடும்போது இருமினால், கண்ணில் நீர் கட்டினால், கன்னத்துக்குள் சோற்றை அடக்கி வைத்திருந்தால், சாயங்காலம் காரணமில்லாமல் உடம்பு சுட்டால், ஜாக்கிரதை. எல்லாவற்றுக்கும் கடைசியாகக் குரல். "சாப்பிட்டு முடிச்சதும் எதாவது பேசச் சொல்லுங்கோ. கொரலு தெளிவா இருந்தா பயமில்ல. கொழகொழன்னு, தண்ணிக்குள்ள இருந்து பேசுக மாதிரி கேட்டுன்னா, வழியில என்னமோ நிக்குன்னு அர்த்தம். ஒடனே முன்னால சாச்சு இருமச் சொல்லணும். இருமுகது நல்லதாக்கும் அம்மா. இருமாம விழுங்குகவங்களக் கண்டாத்தான் எனக்குப் பயம்." இருமாமல் விழுங்குகிறவர் எதிரே கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஒரு பருக்கை தாடையில் ஒட்டியிருக்கிறது. அதைத் துடைக்க எழுந்தாள், துடைத்தாள், வந்து உட்கார்ந்தாள். மணி ஒன்று பன்னிரண்டு.

டம்ளரில் வாய் வைத்து. அந்த வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ரெஜினாவால் முழுசாகத் திரும்பிப் போயிருக்க முடியாது, சொன்னது ஆஸ்பத்திரியில் என்பதால் பிழைத்தாள். மாமா ஆவுடைநாயகம் பிள்ளையின் வீட்டில் எச்சிலுக்கு இருந்த பயம் சாமிக்குக்கூட இருந்ததில்லை. சாமியிடமாவது தப்புக்குக் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டுவிடலாம். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் கோவில்பட்டியிலிருந்து மருமகளாக வந்து இறங்கிய அன்று பாலும் பழமும் கொடுத்தார்கள். தாகம். வெள்ளி டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சிவிட்டாள். கோவில்பட்டியில் அவர்கள் வீட்டில் எல்லாரும் வாய்வைத்து ஊதி ஊதித்தான் குடிப்பார்கள், அதற்காக யாரும் நரகத்துக்குப் போனதாகத் தகவல் இல்லை. மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை அந்த டம்ளரை வாங்கிப் போய்ப் புளி போட்டுத் தேய்த்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தாள், அவ்வளவுதான். அந்தக் கவிழ்த்து வைத்த டம்ளரை இன்றைக்கு நினைத்தாலும் செண்பகவல்லிக்குக் காது சுடுகிறது. அண்ணாந்து குடிக்கப் படித்தாள். நாலைந்து புடவைகளில் காப்பிக் கறை, மூன்று தடவை நாக்கு வெந்தது, ஒரு வருஷத்துக்குள் ஒரு சாண் உயரத்திலிருந்து சுடச்சுடக் காப்பியை இறக்கத் தெரிந்துகொண்டாள். பிறகு கோவில்பட்டிக்குப் போனபோது தம்பி செம்பில் வாய்வைத்ததைப் பார்த்து அவளே முகத்தைச் சுளித்தாள். அம்மா, "பெரிய எடத்துக்காரி ஆயிட்டாள்ளா" என்று கேலி செய்தாள். மாமா மின்சார வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். நாற்பது வருஷம் வெயிலில் கம்பம் கம்பமாக அலைந்தவர், எந்த வீட்டு வாசலிலும் தண்ணீர் வாங்கிக் குடிப்பார், உதடு படாது, அதனால் யாருக்கும் குறைச்சலில்லை என்பார். பக்கவாதத்தில் இடது பக்கம் விழுந்து, வலது கையும் நடுங்கத் தொடங்கிய பிறகு, செம்பைத் தூக்குவது அவள் வேலையாயிற்று. இடது கையை அவர் பிடரிக்குக் கொடுத்து, வலது கையால் செம்பைச் சாய்த்து, நூல் பிடித்த மாதிரி ஊற்றுவாள். ஒரு சொட்டு சிந்தாது. இருபத்தேழு வருஷத்தில் அவர் அவளிடம் மெச்சிச் சொன்ன ஒரே ஒரு வார்த்தை அதற்காகத்தான். "பிள்ளைக்குக் கை நிதானம்" என்றார். இரண்டு நாள் அவள் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே சமையல் செய்தாள். அதை இன்றைக்கு நினைக்க வெட்கமாக இருக்கிறது.

புரை ஏறாமல் இல்லை. ஐப்பசியில் பக்கவாதம், கார்த்திகை மார்கழி இரண்டு மாசமும் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் இருமல் வந்தது, முகம் சிவந்து, கண் பிதுங்கி. வந்தால் என்ன செய்வது என்று உலகத்துக்கே தெரியும். உச்சந்தலையில் நாலு தட்டு. யாரோ நினைக்கிறார்கள். யார் நினைப்பார்கள்? கனடாவில் இருக்கும் சின்ன மகன் சைலுதான் நினைப்பான். "பாருங்க, சைலு நெனைக்கான்" என்று அவள் தட்டுவாள், "பெத்த அப்பன நெனைக்காம யார நெனைப்பான்" என்று குற்றாலிங்கம் ஹாலிலிருந்து சொல்வான், மாமா இருமிக்கொண்டே சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகவே, இருமல் வந்தால் வீட்டில் கொஞ்சம் சந்தோஷம் என்றுகூடச் சொல்லலாம். ஒருநாள் சைலுவுக்கு வீடியோவில் போன் போட்டு, "இப்பதான் பொரை ஏறிட்டு, நீ நெனச்சியா?" என்று அவளே கேட்டாள். அவன் அந்த ஊர்க் குளிரில் தொப்பியைப் போட்டுக்கொண்டு, "ஆமா மைனி, நெனச்சேன்" என்றான். பொய்யோ நிஜமோ, அவனும் சிரித்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் அண்ணாந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஒவ்வொரு நினைப்புக்கும் ஒரு வாய்த் தண்ணீர் நெஞ்சுக்குள். அப்படியானால் சைலு நினைத்து நினைத்தே... சீ, என்ன நினைப்பு இது. மணி என்ன? ஒன்று பதினேழு. சுவர்க்கடிகாரத்துக்கு இன்றைக்கு என்ன வந்தது, முள் ஏன் இப்படி நொண்டுகிறது.

தை மாசம் இருமல் நின்றது. நின்றதே என்று ஊருக்கெல்லாம் சொன்னாள். தொண்டை தேறிவிட்டது, இனிமேல் பயமில்லை என்று தெருமுனைப் பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தான் குற்றாலிங்கம். தொண்டை தேறவில்லை, உணர்ச்சி செத்துப்போயிற்று, தண்ணீர் தப்பு வழியில் போவதே தெரியாமல் போயிற்று என்று பிற்பாடு ரெஜினா சொல்லித்தான் தெரிந்தது. இதில் வேடிக்கை, மாமாவுக்கு இது தெரிந்த விஷயம். சர்வீசில் இருந்தபோது புதிதாக வந்த லைன்மேன்களிடம் படித்துப் படித்துச் சொன்னதை வீட்டில் சோறு தின்னும்போதும் சொல்வார், "லைன்ல சத்தம் இல்லன்னா கரண்ட் இல்லன்னு அர்த்தமாடே? சத்தம் இல்லாத கம்பிதான் ஆளக் கொல்லும்." நூறு தடவை கேட்டிருப்பாள். ஒரு தடவை உறைத்திருந்தால் அந்தச் சிதறுகாயை மிச்சம் பிடித்திருக்கலாம். மாசி மாசம் காய்ச்சல் வந்தது. சாயங்காலமானால் உடம்பு சுடும், காலையில் விட்டுவிடும். மாத்திரையைக் கரைத்துக் கொடுத்தாள், அதையும் அண்ணாந்துதான். ஐந்தாம் நாள் மூச்சு இரைத்து, நகம் நீலம் பாய்ந்து, ஆம்புலன்சில் தூக்கிப் போனார்கள். வலது நுரையீரலில் பாதி வெள்ளையாக இருந்த படத்தை விளக்கு வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி டாக்டர் கேட்டார், "தண்ணிய யாரு இப்படி ஊத்திக் குடுத்தது?"

அந்த இடத்தில் நினைப்பு மாட்டிக்கொள்கிறது. எந்தப் பக்கமிருந்து வந்தாலும் அங்கே வந்துதான் மாட்டுகிறது. அறைக்குள் மூன்று பேர் நின்றார்கள். குற்றாலிங்கம், அவள், தை மாசத்திலிருந்து பகலில் மாமாவைப் பார்த்துக்கொள்ள, சோறு தண்ணீர் கொடுக்க அமர்த்தியிருந்த பேச்சித்தாய். டாக்டர் கேட்டதும் குற்றாலிங்கம் திரும்பிப் பேச்சித்தாயைப் பார்த்தான். பேச்சித்தாய் செண்பகவல்லியைப் பார்த்தாள். செண்பகவல்லி படத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது, ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சித்தாய் வேலைக்கு வந்த முதல் வாரமே சொன்னாள், "தூக்கி ஊத்த வேண்டாம்க்கா. முன்ன நான் பாத்த வீட்டுல, தலையக் குனியவச்சு வாய்வச்சுக் குடிக்கச் சொல்லிக் குடுத்தாவ. இவியளுக்கும் அப்படிச் செய்வோம்." அதற்கு அவள் சொன்ன பதில் இருக்கிறதே, அந்தப் பதில். "எங்க வீட்டுல அந்தப் பழக்கம் கெடயாது." எங்க வீட்டுல. கோவில்பட்டியிலிருந்து வந்து டம்ளரைக் கவிழ்க்க வைத்தவள், அத்தையின் அதே மிடுக்கோடு, வேலைக்கு வந்தவளைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது நாக்கில் இனித்தது, அதையும் மறைப்பதற்கில்லை. அன்று சாயங்காலமே குற்றாலிங்கம் பேச்சித்தாயை நிறுத்திவிட்டான். "ஒரு உயிரு வெளாட்டா ஒனக்கு?" என்று சத்தம் போட்டான். அவள் பிளாஸ்டிக் கூடையில் தன் மாற்றுப்புடவையையும் சோற்றுப் பாத்திரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டும்போது, "தாத்தாவுக்கு ராத்திரி வாயத் தொடச்சி விடுங்கக்கா, ஈறுல அழுக்கு நிக்கக் கூடாது. வாரேன்" என்றாள். அக்கா என்றுதான் சொன்னாள். நாலு வசவு வைதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அதற்கப்புறம் எந்த வீட்டில் வேலைக்குப் போனாளோ, சரியாகப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று பேர் கெட்டபிறகு யார் கூப்பிட்டார்களோ. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இரண்டரை மாசம் போயிற்று. வெந்த புண் ஆறும் என்பார்கள், இது ஆறவும் இல்லை, வெளியே தெரியவும் இல்லை.

மணி ஒன்று இருபத்திரண்டு. எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்று பார்த்தாள். மூச்சு ஓடுகிறது. வேகமாகவா? நெஞ்சு எழுவதையும் தணிவதையும் எண்ணினாள், பதினாலோ பதினைந்தோ வரும்போது அடுத்த வீட்டுக் குக்கர் கூவி எண்ணிக்கை தப்பிப்போயிற்று. நகத்தைப் பார்த்தாள். நீலமா, வழக்கமான கிழட்டு நகத்தின் நிறமா? கன்னத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள், சோறு அடக்கவில்லை. நெற்றியில் கை வைத்தாள், சுடுகிறது, ஆனால் இந்த வெயிலில் சுவரும் சுடுகிறது, ஜன்னல் கம்பியும் சுடுகிறது. "மாமா." கண் திறக்கவில்லை. "மாமா, ஒரு வார்த்த பேசுங்க. ஆன்னு சொல்லுங்க, போதும்." இமை மட்டும் அசைந்தது. தூக்கமில்லை, வீம்பு. போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஆரம்பித்த வீம்பு. அதுவரை கரண்டியால் ஊட்டிவந்த கூழ்த் தண்ணீரை அன்றைக்கு டம்ளரில் நீட்டினாள், "போஸ்டர் ஒட்டுத பசையா பிள்ள இது" என்று முகத்தைத் திருப்பினார், அவள் காலை நாலரையிலிருந்து நிற்கிறாள், இரண்டு தடவை படுக்கை விரிப்பு மாற்றியாயிற்று, இடுப்பு கழன்று விழுகிறது, வாய்க்கு வந்துவிட்டது, "வாய வச்சுக் குடிங்க, இல்லன்னா தாகத்தோட கெடங்க." கெடங்க என்று சொன்னாள். மாமனாரைப் பார்த்து. அவர் கொஞ்சநேரம் அவளையே பார்த்தார். பிறகு குனிந்து, எண்பத்தொரு வயதில் முதல் தடவையாக, டம்ளரின் விளிம்பில் உதட்டை வைத்து உறிஞ்சினார். முழுவதையும் குடித்தார். அந்தச் சத்தம், அந்த உறிஞ்சும் சத்தம். அவள் ஜெயித்தாள், அப்படி ஒரு ஜெயிப்பு அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. அதிலிருந்து பேச்சில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், குனி என்றால் குனிவார், பசையையும் விழுங்குவார், மகனிடம் தலையாட்டுவார். அவளைப் பார்த்தால் சுவர். குரலைக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டுமென்றால், அவள் பதினோரு நாளாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு சோறு ஊட்டுகிறாள். ரெஜினாவிடம் போன் செய்து, ஆள் பேசாவிட்டால் என்ன செய்ய என்று கேட்க நினைத்தாள். ஏன் பேசவில்லை என்று அவள் திருப்பிக் கேட்பாளே என்று விட்டுவிட்டாள்.

இன்றைக்கு எதற்காக ஊற்றினாள்? அதைச் சொல்லு. ஒன்பது கரண்டி குழைத்த பருப்புச்சோறு ஒழுங்காகச் சாப்பிட்டார். பத்தாவதுக்கு வாயை மூடிக்கொண்டார். பசைத் தண்ணீர் டம்ளரில் கலக்கித் தயாராக இருந்தது, அதைப் பார்க்கவில்லை. மூலையில் அவளுக்காக வைத்திருந்த செம்பைப் பார்த்தார். பிறகு நடுங்குகிற வலது கையைக் குவித்து வாய்க்கு மேலே தூக்கினார், செம்பு தூக்குகிற மாதிரியே. தலையை அண்ணாந்தார். வாயைத் திறந்தார். கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார், கூட்டுக்குள் குஞ்சு இருக்கிற மாதிரி. தொண்டைக்குழி மேலேயும் கீழேயும் போய்வந்தது. அவள் எழுந்தாள், செம்பை எடுத்தாள், இடது கை தானாகப் பிடரிக்குப் போயிற்று. கை போயிற்று என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாமா? இருபத்தேழு வருஷப் பழக்கம் கையில் இருக்கிறது, மூளைக்குத் தெரியாமல் கை செய்துவிட்டது என்று? மூளைக்குத் தெரியும். ஊற்றுவதற்கு முன் ஒரு நொடி நின்றாள், அந்த நொடியில் ரெஜினாவின் படம் மூடியும் குழாயுமாகக் கண்முன் வந்தது, நன்றாகத் தெரிந்தது, தெரிந்துதான் சாய்த்தாள். இரக்கம் என்று சொல்லலாம். இரக்கம் இருந்தது, பொய்யில்லை, அந்தத் தொண்டைக்குழியைப் பார்த்தவர்களுக்கு இரக்கம் வராமல் போகாது. பேசமாட்டாரா என்ற ஆசையும் இருந்தது, ஊற்றினால் கோபம் தணிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா, கை நிதானம் என்றோ வேறு என்னவோ. அவ்வளவுதானா? அதற்கு அடியில் ஒன்று இருந்ததே. வேண்டாம், அதைத் தொடாதே. ஆனால் இருந்ததே. இடுப்பு கழன்று விழுகிற காலை நாலரை மணியில் அடிக்கடி வந்து பக்கத்தில் நிற்கிற ஒன்று. எத்தனை நாளைக்கு என்று கேட்கிற ஒன்று. அது செம்பில் கை வைத்ததா? ஒரு விரலாவது வைத்ததா? செண்பகவல்லி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். இல்லை. தெரியவில்லை. இரக்கம் எது, அலுப்பு எது என்று பாலும் தண்ணீருமாய்க் கலந்து கிடக்கிறதைப் பிரித்துக் காட்டு என்றால் யாரால் முடியும்? மூன்று மடக்கு. நிஜமாகவே மூன்றுதானா? இனிமேல் ஊற்ற மாட்டேன், பிள்ளையாரே, இந்த ஒரு தடவை விட்டுவிடு. விட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது. சாயங்காலம் காய்ச்சல் வந்தால்கூட, காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான். பவுடர் கலந்துதான் கொடுத்தேன் என்றால் நம்புவார்கள். அவளை எப்போதும் நம்பியிருக்கிறார்கள். வீட்டில் வேறு ஆள் இல்லை, இந்தத் தடவை பார்ப்பதற்கு ஒரு பேச்சித்தாயும் இல்லை, பழியைப் பவுடர் டப்பாமேல் போடலாம். இவ்வளவு சுலபமாக யோசிக்கிறோமே என்று அவளுக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது.

ஒன்று முப்பத்தாறுக்கு மாமா கண்ணைத் திறந்தார். மேலே சுற்றுகிற காற்றாடியைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பதினோரு நாளாகப் பார்த்த சுவர்ப் பார்வை இல்லை. முகம் தெளிந்திருந்தது. நன்றாகத் தாகம் தீர்ந்தவன் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்து அவர் முழங்காலோடு முட்டும்படி உட்கார்ந்தாள். "மாமா, ஒங்க பேரச் சொல்லுங்க. வேண்டாம், என்னைய ரெண்டு வசவு வையுங்க. என்னத்தையாவது பேசுங்க." அவர் உதடு கோணலாக அசைந்தது, கோணல் பக்கவாதத்தினால் மட்டும் இல்லை, சிரிக்கிறார். வலது கையைத் தூக்கி அவள் தலைக்குக் கொண்டுவரப் பார்த்தார், எட்டவில்லை, தோளில் விழுந்தது. "நல்லாருப்ப பிள்ள" என்றார்.

அவளுக்கு வார்த்தை கேட்கவில்லை, தண்ணீர் கேட்டது. தொண்டையின் ஆழத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே, கொழகொழவென்று நுரைத்துக்கொண்டு, ரெஜினா சொன்ன அதே சத்தம், சொல்லிக்கொடுக்காவிட்டாலும் தெரிந்திருக்கும் சத்தம். வார்த்தை பிறகுதான் வந்து சேர்ந்தது. நல்லாருப்ப. இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் சொல்லாத ஒன்று, அவள் கோவிலுக்குப் போகும்போதெல்லாம் விழுந்து விழுந்து கும்பிட்டு வாங்கப் பார்த்த ஒன்று, இப்படி நனைந்து வருகிறது. அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "பேசாதிய, பேசாதிய மாமா" என்று எழுந்து, இரண்டு கையாலும் தோளைப் பிடித்து முன்னால் சாய்த்தாள், அவர் நெற்றி அவள் வயிற்றில் வந்து முட்டியது. "இருமுங்க. நல்லா இழுத்து இருமுங்க." அவருக்குப் புரியவில்லை. எதற்கு இருமவேண்டும்? தண்ணீர் குடித்தாயிற்று, மனசு நிறைந்தாயிற்று, மருமகள் எதற்கு அழுகிறாள்? முதுகில் தட்டினாள். உள்ளங்கைக்குக் கீழே, வலது பக்கம், உலை கொதிக்கத் தொடங்கும்போது பாத்திரத்தைத் தொட்டால் தெரியுமே, அதுபோல் ஒரு நடுக்கம் தெரிந்தது. தெரிந்ததா, பயத்தில் தோன்றியதா?

ஒரு கையால் அவரைத் தாங்கிக்கொண்டே மறு கையால் கட்டிலில் கிடந்த போனை எட்டி எடுத்துப் புருஷனுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலிலேயே வைத்தாள். நாலு தடவை மணி அடித்த பிறகு எடுத்தான். "ஏட்டி, தாசில்தார் முன்னால இருக்கேன். என்ன?" அவள் ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னாள், ரெஜினாவுக்கும் சொல்லச் சொன்னாள், மாமா குரல் நனைந்திருக்கிறது என்றாள். அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது, கதவு சாத்திக்கொண்டது. "நல்லாத்தான காலம்பற இருந்தாவ? என்ன குடுத்த? பவுடர் கலந்துதான குடுத்த?" கலந்துதான் என்று சொல்லும்படியாகவே கேட்டான் பாவம், பதிலையும் அவனே வாயில் எடுத்துக் கொடுத்தான். ஒரு தலையாட்டல் போதும், போனில் அதுகூட வேண்டாம், ம் என்றால் போதும்.

"கலக்கல. பச்சத் தண்ணி. அண்ணாக்க வச்சு நாந்தான் ஊத்தினேன்."

ஆபீசில் யாரோ முத்திரை குத்திக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மாசி மாசமும் நாந்தான். பேச்சித்தாய் ஊத்தல. அவ வேண்டாம்னுதான் சொன்னா." இரண்டரை மாசமாக இவ்வளவு பெரிதாக இருந்தது, சொன்னால் ஒரு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. குற்றாலிங்கம் என்னவோ கேட்டான், திரும்பவும் கேட்டான், குரல் உயர்ந்தது. அவள் அதைக் கேட்கவில்லை. மாமாவின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, முதுகைத் தட்டித் தட்டி, அவர் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள்: "இருமுங்க மாமா. ஒரே ஒருவாட்டி. ஒங்க கால்ல விழுதேன், இருமுங்க."